வெளியேற முடியாத ஒளி

உயர்தர வகுப்பில் அலைகளின் தலையீட்டைப் படிக்கும்போது பலருக்கும் ஒரு சந்தேகம் எழுவதுண்டு. ஓர் அலையின் முடி மற்றோர் அலையின் தாழியோடு சேர்ந்தால் இரண்டும் இல்லாமல் போகின்றன. அவற்றிலிருந்த சக்தி எங்கே போயிற்று? யங்கின் இரட்டைப் பிளவுப் பரிசோதனையில் விடை இலகுவானது. இருண்ட பட்டிகளில் குறைந்த சக்தி, பிரகாசமான பட்டிகளில் கூடியிருக்கும். ஆனால், எல்லாத் திசைகளிலுமே அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டால்? பிரகாசமான பட்டி என்று ஒன்றே இல்லாவிட்டால்?

முதலில் தனி அணுவைப் பார்ப்போம். மஞ்சளாக எரியும் சோடியம் தெருவிளக்கில், அருட்டப்பட்ட ஒரு சோடியம் அணு சராசரியாக 16 நனோசெக்கனில் தன் மேலதிக சக்தியை ஒளியாக விட்டுவிடும். இந்தக் கால அளவு அந்த அணுவுக்கே உரிய மாறாத குணம் என்று எண்ணத் தோன்றும். அணுக்கள் ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் தத்தம் பாட்டில் ஒளிரும்வரை அது சரிதான்.

1954இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொபர்ட் டிக் வேறொன்றைச் சுட்டிக்காட்டினார். ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய இடத்தில் பல அணுக்கள் நெருங்கியிருந்தால், அவை தனித்தனியே ஒளிர்வதில்லை. ஒரே தொகுதியாகவே ஒளிர்கின்றன. எல்லாம் ஒரே அவத்தையில் அதிர்ந்தால், ஒளியின் செறிவு அணுக்களின் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கேற்ப உயரும். எண்ணிக்கை இரட்டித்தால் செறிவு நான்கு மடங்கு. ஒளிரும் நேரமோ பாதி. இதை மிகையொளிர்வு எனலாம்.

இதன் மறுபக்கம்தான் எனக்கு அதிக வியப்பைத் தருவது. அகன்ற பாத்திரத்து நீரில் இரண்டு விரல்களை அருகருகே வைத்து, ஒன்று மேலே வரும்போது மற்றது கீழே போகுமாறு அசைத்துப் பாருங்கள். (சமையலறை நனைந்தால் உம்மாவுக்கு நீங்களே பதில் சொல்ல வேண்டும்!) விரல்களைச் சுற்றி நீர் கலங்கும், ஆனால் விளிம்புக்குச் செல்லும் அலை மிகச் சிறிது. எதிரெதிர் அவத்தையில் அதிரும் அணுக்களும் இப்படித்தான். சக்தி தொலைந்துவிடவில்லை, வெளியேற வழியின்றி அணுக்களிடமே தங்கிவிடுகிறது. இது அடங்கொளிர்வு. நமது கேள்விக்கு விடையும் இதுவே.

அணுக்கள் தாறுமாறாகக் கிடந்தால் இந்த அழிப்பு முழுமையடைவது கடினம். ஒழுங்கான அணி வேண்டும். ஒரே நேர்கோட்டில், அரை அலைநீளத்துக்கும் குறைந்த சம இடைவெளியில் அணுக்களை நிறுத்தினால், ஒளி பக்கவாட்டில் தப்ப முடியாத நிலைகள் உண்டாகும். வரிசையின் இரு முனைகளில் மட்டுமே கசியும். கணிப்பின்படி, அணுக்களின் எண்ணிக்கையை இரட்டித்தால் ஒளி தங்கும் காலம் ஏறத்தாழ எட்டு மடங்காகலாம்.

அணுக்களை இப்படி நிறுத்த முடியுமா? ஜேர்மனியின் கார்கிங் நகரிலுள்ள மக்ஸ் பிளாங்க் குவாண்டம் ஒளியியல் நிறுவனத்தார் 2020இல் இதற்கு நெருக்கமான ஒன்றைச் செய்து காட்டினர். லேசர் கதிர்களால் அமைத்த, முட்டைத் தட்டுப் போன்ற குழிகளில், தனிப்பூச்சிய வெப்பநிலைக்கு அண்மையில் குளிரூட்டிய ஏறத்தாழ 200 ருபீடியம் அணுக்களை, குழிக்கு ஒன்றாக இருத்தினர். இடைவெளி 532 நனோமீற்றர். பயன்படுத்திய ஒளியின் அலைநீளம் 780 நனோமீற்றர். ஓர் அணுவின் தடிப்பே கொண்ட அந்தப் படலம் ஆடியைப் போல ஒளியைத் தெறிக்கச் செய்தது. அது ஏற்கும் நிறவீச்சும் தனி அணுவினதை விடக் குறுகியிருந்தது. அடங்கொளிர்வின் அடையாளம் அது. அணுக்களின் ஒழுங்கைக் குலைத்தபோது தெறிப்பும் குறைந்தது.

குவாண்டம் கணினிகளுக்கிடையே தகவலைச் சுமக்கக்கூடியவை தனித்தனிப் போட்டன்கள். அவற்றைச் சிறிது நேரம் தரித்து வைக்க ஓரிடம் தேவை. இந்த அணிகள்மீது ஆய்வாளர்கள் கண்வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒளி வெளியேற முடியாத நிலைக்குள் வெளியிலிருந்து ஒளி நுழையவும் முடியாது. அதனால், அணுக்கள் ஒளிரும் நிலையில் இருக்கும்போதே போட்டனை உள்ளே வாங்கி, உடனே அவற்றின் அவத்தைகளை மாற்றி, கதவைச் சாத்துவதுபோல் அடைத்துவிட வேண்டும். எடுக்கும்போது அதே மாற்றத்தை எதிர்த்திசையில் செய்ய வேண்டும். இவையனைத்தையும் சில நனோசெக்கன்களுக்குள், ஒரு குழிகூட வெறுமையாக விடாமல் செய்தாக வேண்டும். வெறுமையான குழியின் வழியே ஒளி கசிந்துவிடும்.