தேக்கா இரைச்சலும் உப்புத் தொட்டி மௌனமும்

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை நடந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். அத்தனை கூட்டத்தின் நடுவிலும் காவடி எடுப்பவரின் முகம் மட்டும் எங்கோ தனியாக இருக்கும். 1973-இல் ஊர்வலத்தில் வாத்தியம் வாசிக்கக் கூடாது என்று சிங்கப்பூரில் தடை வந்தது. உறுமி ஒலிக்காமல் மனம் எப்படி ஒருமுகப்படும் என்று நம்மவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. 2016-இல்தான் பாதையில் சில இடங்களில் மீண்டும் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது.

அதே சிங்கப்பூரில், சத்தமே இல்லாத ஒரு மணி நேரத்தைக் காசு கொடுத்து வாங்கும் வழக்கமும் வந்தது. 2010-களில், தேக்காவுக்கு அதிக தூரமில்லாத கம்போங் பூகிஸ் பக்கம், பாம் அவென்யூ ஃபுளோட் கிளப் என்ற பெயரில் அப்படி ஓர் இடம் நடந்துவந்தது. மிதவைத் தொட்டி என்று தமிழில் சொல்லிக்கொள்வோம். இத்தகைய இடங்களில் ஒருமுறை மிதக்கக் கேட்கும் கட்டணம் கொஞ்சநஞ்சமில்லை. அந்தக் காசுக்கு உள்ளே என்னதான் இருக்கிறது என்று கேட்கிறீர்களா? ஒன்றுமே இல்லை. அதற்குத்தான் அந்தக் காசு!

முதலில் நன்றாகக் குளித்துவிட வேண்டும். காதில் தண்ணீர் புகாமல் அடைத்துக்கொள்ள வேண்டும். பிறகு மூடி போட்ட பெரிய தொட்டிக்குள் இறங்குகிறீர்கள். நீரின் ஆழம் ஒரு முழம்கூட இராது. மல்லாந்து படுத்துக் கையையும் காலையும் தளர விட்டால் போதும், நீச்சல் தெரியாதவரும் கட்டை போல மிதப்பார். விளக்கை அணைத்தால், கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு. நீரின் சூடு ஏறக்குறைய 35 டிகிரி. நம் தோலின் சூடும் அதுதான். அதனால் சிறிது நேரத்தில் உடம்பு எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாமல் போகிறது. காதில் விழுவது உங்கள் மூச்சும் நெஞ்சுத் துடிப்பும் மட்டுமே.

மிதப்பதில் மந்திரம் ஒன்றுமில்லை. எல்லாம் பேதி உப்பின் வேலை. ஆமாம், வயிற்றைக் கழுவப் பெரியவர்கள் கரைத்துக் கொடுப்பார்களே, அதே எப்சம் உப்புதான்! ஒரு தொட்டிக்கு 400, 500 கிலோ கொட்டுகிறார்கள். அரிசி மூட்டைக் கணக்கில் எண்ணிப் பாருங்கள். சாதாரணத் தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ எடை. இந்த நீர் ஒன்றேகால் கிலோவை ஒட்டி நிற்கும். மனித உடம்பின் கனம் ஏறத்தாழத் தண்ணீரின் கனமே என்பதால், கனத்த நீர் அதை மேலே தூக்கிவிடுகிறது. உப்புத் தண்ணீரில் முட்டையை மிதக்க விடும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புரியும்.

முதல் தொட்டியைக் கட்டியவர் அமெரிக்காவின் ஜான் லில்லி என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர்; ஆண்டு 1954. கண்ணுக்கும் காதுக்கும் தோலுக்கும் வேலையே கொடுக்காவிட்டால் மூளை தூங்கிப்போகுமா என்பது அவருடைய கேள்வி. அப்போது இந்த உப்பு யோசனை வரவில்லை. மூச்சுவிட முகமூடி போட்டுக்கொண்டு நீருக்குள் அமிழ்ந்திருந்தார். மூளை தூங்கவில்லை என்று கண்டார். (பின்னாளில் போதைப் பொருளை ஏற்றிக்கொண்டு அவர் தொட்டியில் இறங்கிய கதையும் உண்டு, அது நமக்கு வேண்டாம்.) 1970-களில் கிளென் பெர்ரி என்பவர் உப்பு நீர்த் தொட்டிகளைச் செய்து விற்க ஆரம்பித்தார். தம் கம்பெனிக்கு அவர் வைத்த பெயர் ‘சமாதி’! நம்மூரில் அந்தப் பெயரை வைத்தால் யார் உள்ளே போய்ப் படுப்பார்கள்?

இருட்டும் மௌனமும் எல்லாருக்கும் சுகம் என்று எண்ணிவிடாதீர்கள். 1950-களின் தொடக்கத்தில் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில், மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 20 டாலர் கொடுத்து, கண்ணுக்கு மங்கல் கண்ணாடியும் கைக்கு உறையும் மாட்டி, சும்மா படுத்திருக்கச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் அது நல்ல கூலி. ஆனாலும் பெரும்பாலோர் இரண்டு மூன்று நாளுக்குமேல் தாங்கவில்லை. சிலருக்கு இல்லாத உருவங்கள் கண்முன் ஓடின. விரும்பிப் போகும் ஒரு மணி நேரம் வேறு. நாள் கணக்கில் கிடப்பது வேறு.

1896-இல், 16 வயதில் திருவண்ணாமலைக்கு வந்துசேர்ந்த வேங்கடராமனுக்குத் தொட்டி தேவைப்படவில்லை. பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர் அவர்தான். ஆயிரங்கால் மண்டபத்தில் சிறுவர்கள் கல்லெறிந்து தொல்லை கொடுக்கவே, பாதாள லிங்கம் இருக்கும் இருட்டு நிலவறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். பூச்சிகள் தொடையைக் கடித்துப் புண்ணாக்கியும் அவருக்குத் தெரியவில்லை. பிறர்தான் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். தொட்டிக்குள் நம்மை ஒரு கொசு கடித்தால் போதும், தியானம் போன இடம் தெரியாது!

அதற்காகத் தொட்டியைக் கேலி செய்வதும் சரியில்லை. 2018-இல் அமெரிக்காவின் துல்சா நகரில் ஜஸ்டின் ஃபைன்ஸ்டைன் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனப்பதற்றத்தால் அவதிப்பட்ட 50 பேர் ஒரு மணி நேரம் மிதந்து எழுந்து, பதற்றமும் தசை இறுக்கமும் குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் அது ஒரே ஒரு முறை மிதந்தவுடன் சொன்னது. மறுவாரமும் அந்தச் சுகம் இருக்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை. நோயையே தீர்த்துவிடும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

தோட்டத்துக் குடும்பங்களுக்கு இது எதற்கு என்பீர்கள். லயன் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு மௌனம் கிடைத்ததே இல்லை. விடியுமுன் பெரட்டு; ராத்திரியில் நடுச்சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அழுகை. இன்று அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர், ஜொகூரில் இருட்டோடு எழுந்து, பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். “கொஞ்ச நேரம் என்னைச் சும்மா விடுங்கம்மா” என்று மகன் எரிந்து விழுந்தால், அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டி.வி.யை நிறுத்தி, கைபேசியை வெளியே வாங்கி வைத்து, விளக்கை அணைத்து, ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் விட்டுப் பாருங்கள். தொட்டி தருவதில் பாதி வீட்டிலேயே கிடைக்கும் என்பது என் எண்ணம். அந்த ஒரு மணி நேரம் அம்மாவுக்கும் வேண்டாமா? இதை எந்த வீட்டிலும் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

இருந்தாலும் ஒருமுறை மிதந்துதான் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வலிப்பு, சிறுநீரகக் கோளாறு, குறைந்த ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் போகக் கூடாது. பால் வெட்டும் கத்தி கிழித்த காயம் ஆறாமல் இருந்தால் பொறுத்துப் போங்கள். உப்பு பட்டால் உயிர் போகும். அன்று காலையில் முகச்சவரமும் வேண்டாம். ஈரக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். பயம் வந்தால் மூடியை நீங்களே திறந்து எழுந்து வரலாம். எழுந்திருக்கும்போது மட்டும் மெதுவாக, தலை சுற்றும். தலைமுடியை நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் குவீன் ஸ்திரீட்டில் பஸ் ஏறி ஜொகூர் பாருவில் இறங்குவதற்குள் உப்பு வெள்ளையாய்ப் பூத்து, கருகருவென்று போனவர் நரைத்துத் திரும்பியது போல இருக்கும்.