பச்சை முகச் சூனியக்காரி! பிள்ளைகள் பார்க்கலாமா?

பச்சை நிற முகம். நீண்டு வளைந்த மூக்கு. தலையில் கூம்புத் தொப்பி. கையில் ஒரு விளக்குமாறு. அதன் மேல் ஏறி உட்கார்ந்தால் வானத்தில் பறப்பாள்!

அவள் சிரித்தாலே போதும். சின்னப் பிள்ளைகள் தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக் கொள்வார்கள்.

"ஓஸ் நாட்டு மந்திரவாதி" என்ற ஹாலிவுட் படத்தில் வரும் சூனியக்காரி இவள். ஆங்கிலத்தில் படத்தின் பெயர் "தி விசார்டு ஆப் ஓஸ்". எம்.ஜி.எம். கம்பெனி எடுத்தது. 1939-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளிவந்தது. பாட்டு உண்டு, ஆட்டம் உண்டு, மாயம் உண்டு. குழந்தைகள் படம் என்று உலகம் முழுவதும் பெயர் வாங்கியது.

இன்றும் வீட்டில் டெலிவிஷனில் போட்டுப் பார்க்கிறார்கள். அண்ணன் கைதட்டிச் சிரிக்கிறான். தம்பி இரவில் விளக்கை அணைக்க விடமாட்டேன் என்கிறான். படம் ஒன்றுதான். வீடும் ஒன்றுதான்!

அப்படியானால் இது பிள்ளைகளுக்கு ஏற்ற படமா, இல்லையா? எதை வைத்து முடிவு செய்வது?

சூறாவளியில் பறந்த வீடு

முதலில் கதையைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் கான்சாஸ் என்ற இடம். அங்கே ஒரு பண்ணை வீடு. டோரதி என்ற சிறுமி எம் அத்தையுடனும் ஹென்றி மாமாவுடனும் வசிக்கிறாள். அவளுக்கு டோட்டோ என்ற நாய் என்றால் உயிர்.

பக்கத்துப் பணக்காரி ஒருத்தி உத்தரவுத் தாளோடு வருகிறாள். "இந்த நாய் என்னைக் கடித்தது. இதை ஒழித்துக் கட்டப் போகிறேன்" என்கிறாள். அத்தையும் மாமாவும் வாயடைத்து நிற்கிறார்கள். நாயைக் கூடையில் போட்டுக் கொண்டு போகிறாள். நாய் தப்பி வந்து விடுகிறது. டோரதி அதைத் தூக்கிக் கொண்டு வீட்டை விட்டு ஓடுகிறாள். திரும்பி வருவதற்குள் சூறாவளி! வீட்டையே தூக்கிக் கொண்டு போய் ஓஸ் என்ற மாய நாட்டில் போடுகிறது.

வீடு விழுந்ததில் ஒரு சூனியக்காரி நசுங்கிச் சாகிறாள். அவளுடைய மாணிக்கக் காலணிகள் டோரதியின் காலுக்கு வந்து விடுகின்றன. செத்தவளின் தங்கைதான் பச்சை முகக்காரி. காலணியைப் பறிக்கத் துரத்துகிறாள். வழியில் சோளக்கொல்லைப் பொம்மை, தகர மனிதன், கோழைச் சிங்கம் ஆகிய மூவரும் டோரதிக்குத் துணையாகச் சேர்கிறார்கள்.

டோரதியாக நடித்தவர் ஜூடி கார்லண்ட். படம் வெளிவந்தபோது அவருக்கு வயது 17.

"ஏ" என்றார்கள், "யு" என்றார்கள்

இந்தப் படத்தை எடைபோடுவதில் தணிக்கை அதிகாரிகளே ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

இங்கிலாந்தில் முதலில் இதற்குக் கொடுத்தது "ஏ" சர்ட்டிபிகேட்! இந்தியாவில் "ஏ" என்றால் 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். அன்றைய இங்கிலாந்தில் அதற்குப் பொருள் வேறு. 16 வயதுக்கு உட்பட்டவர்கள் பெரியவர் துணையோடுதான் வரவேண்டும் என்பதுதான் பொருள். அதற்கு முந்திய ஆண்டு வந்த "ஸ்னோ ஒயிட்" சித்திரப் படத்துக்கும் அங்கே இதே "ஏ" தான் கிடைத்தது. இரண்டிலும் சூனியக்காரி உண்டு!

பின்னால் ஓஸ் படத்துக்கு அங்கே எல்லோரும் பார்க்கக்கூடிய "யு" கிடைத்தது. அமெரிக்காவில் நேர்மாறாக நடந்தது. முதலில் எல்லா வயதினருக்கும் ஏற்றது என்றார்கள். 2013-ல் முப்பரிமாணப் படமாகத் திரும்ப வெளியிட்டபோது, பயமூட்டும் கட்டங்கள் சில உண்டு, பெற்றோர் கவனிக்க வேண்டும் என்று குறிப்புப் போட்டார்கள்.

இந்தியாவில் 2024 முதல் "யு.ஏ." சர்ட்டிபிகேட்டை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். என்றாலும், தன் பிள்ளை எதைக் கண்டு நடுங்கும் என்பது தாய்க்குத் தெரியும். அதிகாரிக்குத் தெரியாது.

புத்தகத்தில் ரத்தம், படத்தில் பயம்

இந்தக் கதையை எழுதியவர் பிராங்க் பாம். புத்தகம் 1900-ம் ஆண்டு வெளிவந்தது. குழந்தைக் கதையில் வியப்பும் மகிழ்ச்சியும் இருக்கட்டும், அழுகையும் கெட்ட கனவும் வேண்டாம் என்று முன்னுரையில் எழுதினார்.

எழுதினாரே தவிர, உள்ளே புரட்டினால் வேறு மாதிரி இருக்கிறது! சூனியக்காரி 40 ஓநாய்களை ஏவுகிறாள். தகர மனிதன் கோடரியை எடுத்து 40 தலைகளையும் வெட்டி வீழ்த்துகிறான். அடுத்து 40 காக்கைகள் வருகின்றன. சோளக்கொல்லைப் பொம்மை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கழுத்தைத் திருகுகிறது.

படத்தில் இந்த வெட்டும் திருகலும் இல்லை. ஆனாலும் புத்தகத்தைப் படித்த பிள்ளையை விட, படத்தைப் பார்த்த பிள்ளைதான் அதிகம் பயப்படுகிறது. ஏன்?

புத்தகத்தில் அந்தச் சூனியக்காரி நடுவில் ஓர் அத்தியாயத்தில் வந்து போகிறாள். படத்திலோ ஆரம்பத்திலேயே புகைக்கு நடுவே குதித்து வந்து, "உன்னை விடமாட்டேன்" என்று மிரட்டி விட்டுப் போகிறாள். அதன் பிறகு எந்தக் கூரையில் நிற்பாளோ, எந்த மரத்தின் பின்னால் இருப்பாளோ என்று பிள்ளை ஒவ்வொரு நிமிஷமும் எதிர்பார்த்துக் கொண்டே இருக்கிறது. எத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ணிப் பார்த்துப் படத்தை எடைபோட்டால் கணக்குத் தப்பும்.

பாட்டு நின்ற பிறகு

பாட்டுப் படம்தானே, பயம் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. இந்தப் படத்தில் பாட்டு எங்கே நிற்கிறது என்று அவர்கள் கவனிக்க வேண்டும்.

படம் 1 மணி 41 நிமிஷம் ஓடுகிறது. முதல் ஒரு மணி நேரத்தில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. டோரதி வானவில்லைப் பற்றிப் பாடும் பாட்டு ஆஸ்கார் பரிசு பெற்றது. சோளக்கொல்லைப் பொம்மை பாடுகிறது, தகர மனிதன் பாடுகிறான், சிங்கம் பாடுகிறது. ஒரு பயம் வந்தால் அடுத்து ஒரு பாட்டு வருகிறது. பிள்ளையின் மூச்சு சீராகிறது.

சிங்கம் தான் ராஜாவானால் என்ன செய்வேன் என்று பாடுகிறதே, அதுதான் கடைசி. அதன் பிறகு பாட்டு கிடையாது! இருண்ட காடு வருகிறது. சிறகு முளைத்த குரங்குகள் கூட்டம் கூட்டமாக இறங்கி, டோரதியையும் நாயையும் தூக்கிக் கொண்டு போகின்றன. பிறகு கோட்டை. அங்கே காவலர்களின் கூச்சல்தான் கேட்கும்.

அந்தக் காட்டுக்கு ஓர் ஆட்டப் பாட்டுப் படமாக்கினார்கள். கோட்டைக்குள் டோரதி அழுதுகொண்டே வானவில் பாட்டை மறுபடி பாடுவதாகவும் எடுத்தார்கள். வெளியிடுவதற்கு முன் இரண்டையும் வெட்டி விட்டார்கள். படம் விறுவிறுப்பானது. சின்னப் பிள்ளைக்கு இளைப்பாற இடம் இல்லாமல் போயிற்று.

அத்தையின் முகம்

கோட்டையில் நடப்பதுதான் படத்திலேயே கடுமையான கட்டம். பெரியவர்கள் பலர் அதைக் கவனிக்காமல் விட்டு விடுவார்கள். குரங்கைச் சொல்வார்கள், நெருப்பைச் சொல்வார்கள். இதைச் சொல்லமாட்டார்கள்.

டோரதியை அறையில் அடைத்து விட்டு, மணல் கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறாள் சூனியக்காரி. மணல் தீர்ந்தால் உயிர் போய்விடும். டோரதி அழுகிறாள். அங்கே இருக்கும் கண்ணாடி உருண்டையில் எம் அத்தையின் முகம் தெரிகிறது. "டோரதி, எங்கே இருக்கிறாய்?" என்று அத்தை தேடுகிறாள். "இங்கேதான் இருக்கிறேன்!" என்று கதறுகிறாள் சிறுமி. அத்தைக்குக் கேட்கவில்லை. அத்தையின் முகம் கலைகிறது. அதே இடத்தில் பச்சை முகம் தோன்றி, அத்தையைப் போலவே பேசிக் கேலி செய்கிறது!

நாலு வயதுப் பிள்ளையின் மனநிலையில் இருந்து பார்க்க வேண்டும். அதற்குப் பேய் வெளியே இருக்கிறது, அம்மா உள்ளே இருக்கிறாள். அம்மாவிடம் ஓடினால் போதும். இங்கே அந்த அம்மா முகமே பேய் முகமாக மாறுகிறது. ஓடுவதற்கு வேறு இடம் எங்கே? முதலில் நாயைப் பறிகொடுக்கும் கட்டமும் இப்படித்தான். அங்கே மாயம் ஒன்றும் இல்லை. பெரியவர்கள் கையைப் பிசைந்து நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆகவே ஒரு மாயப் படத்தை முன்கூட்டிப் பார்க்கும் பெற்றோர், அரக்கன் எவ்வளவு பெரியவன் என்று பார்ப்பதை விட, அந்தப் படத்தில் குழந்தையைக் காப்பவர்கள் என்ன ஆகிறார்கள் என்று பார்ப்பது நல்லது.

பச்சைச் சாயத்துக்குள் ஓர் ஆசிரியை

சூனியக்காரியாக நடித்தவர் மார்கரெட் ஹாமில்டன். நடிக்க வருவதற்கு முன் அவருக்கு என்ன வேலை தெரியுமா? சின்னஞ்சிறு குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியை!

அவர் பூசிய பச்சைச் சாயத்தில் செம்பு கலந்திருந்தது. 1938-ம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி, சூனியக்காரி புகையோடு மறையும் காட்சியைப் படமாக்கியபோது நெருப்பு முந்திக் கொண்டது. முகத்திலும் கையிலும் தீக்காயம். ஆறு வாரம் போலப் படுத்திருந்தார். திரும்பி வந்தவர், "இனி நெருப்புக் காட்சியில் நிற்கமாட்டேன்" என்று கண்டிப்பாகச் சொல்லி விட்டார்.

1956-ல் படம் டெலிவிஷனுக்கு வந்தது. 1959 முதல் ஆண்டுதோறும் காட்டினார்கள். அப்போது பெரும்பாலான வீடுகளில் இருந்தது கறுப்பு வெள்ளைப் பெட்டிதான். பச்சை தெரியாது. அப்படியும் பிள்ளைகள் அவரைக் கண்டு நடுங்கினார்கள். குழந்தைகளை நேசித்த அவருக்கு இது வருத்தமாகவே இருந்தது.

1975-ல் பிரெட் ரோஜர்ஸ் என்பவர் நடத்திய குழந்தைகள் டெலிவிஷன் நிகழ்ச்சிக்கு அவரை அழைத்தார்கள். சாதாரண உடையில் வந்தார். இனிமையாகப் பேசினார். சூனியக்காரி நினைத்தது எதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை, அதனால்தான் அப்படி இருக்கிறாள் என்று விளக்கினார். பிறகு பிள்ளைகள் கண் முன்னாலேயே பாவாடை, மேலங்கி, தொப்பி என்று ஒவ்வொன்றாக அணிந்தார். கடைசியில் அந்தச் சிரிப்பையும் சிரித்துக் காட்டினார். உள்ளே இருப்பவர் யார் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்து விட்டது.

1976-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் "செசமி ஸ்ட்ரீட்" என்ற நிகழ்ச்சியில் தோன்றினார். அதுவும் குழந்தைகள் நிகழ்ச்சிதான். அதில் முன்விளக்கம் இல்லை. சூனியக்காரியாகவே வந்தார். தொலைந்த விளக்குமாற்றைக் கேட்டு அமர்க்களம் செய்தார். பிள்ளைகள் பயந்து விட்டார்கள் என்று பெற்றோரிடம் இருந்து கடிதங்கள் குவிந்தன. அந்தப் பகுதியை மறுபடி ஒளிபரப்பவே இல்லை!

அதே பெண்மணி. அதே தொப்பி. இடையில் ஓராண்டுகூட ஆகவில்லை.

எந்த வயதில் காட்டலாம்?

ஐந்து வயதுக்குக் கீழே வேண்டாம். வானவில் பாட்டையும், மஞ்சள் செங்கல் பாதையில் ஆடிப் போவதையும் மட்டும் காட்டினால் போதும்.

ஐந்து முதல் ஏழு வரை, தாயோ தகப்பனோ பக்கத்தில் உட்கார வேண்டும். சமையல் அறையில் இருந்து எட்டிப் பார்ப்பது போதாது. கண்ணாடி உருண்டைக் கட்டம் வருவதற்கு முன்பே, "இப்போது அத்தை மாதிரி ஏமாற்றப் போகிறாள்" என்று காதில் சொல்லி விட வேண்டும்.

எட்டு வயதுக்கு மேல் தாராளமாகப் பார்க்கலாம். சூறாவளி என்பது 35 அடி நீள மஸ்லின் துணியைச் சுழற்றி எடுத்த வேலை என்று சொன்னால், பையன்கள் மறுபடி போடச் சொல்லிக் கேட்பார்கள்.

பயத்தை விடக் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்றும் இருக்கிறது. கெட்ட சூனியக்காரிகள்தான் அழகில்லாதவர்கள் என்று படத்தில் வரும் நல்ல தேவதை சொல்கிறாள். பயம் நாலு நாளில் போய்விடும். இந்தப் பேச்சு மனதில் தங்கி விடும். வகுப்பில் நிறம் குறைந்த பிள்ளையிடம் போய் நிற்கும். அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, பச்சைச் சாயத்துக்குள் இருந்த ஆசிரியையின் கதையைச் சொல்லலாம்.

பாதியில் பிள்ளை அழுதால் வற்புறுத்த வேண்டாம். ஆனால் சூனியக்காரி உயிரோடு இருக்கும்போது படத்தை அணைத்து விட்டு, "போய்ப் படு" என்றால் அவளும் கூடவே படுக்கைக்கு வருவாள். தண்ணீர் பட்டதும் சூனியக்காரி உருகிப் போகிறாள் என்று சொல்ல வேண்டும். டோரதி தன் வீட்டுக் கட்டிலில் கண் விழிக்கிறாள், அத்தை பக்கத்திலேயே இருக்கிறாள் என்று சொல்ல வேண்டும்.

நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்ல வேண்டும். பிள்ளை முதலில் கேட்பது அதைத்தான்.