ஆய்வுப் பயணத்தின் மறுபக்கம்

மலாக்கா நகரின் காஜா பெராங் பகுதியில் கம்போங் செட்டி உள்ளது. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகம் செய்ய வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்கின்றனர். சமயத்தால் இவர்கள் இந்துக்கள்; வீட்டில் பேசும் மொழியோ மலாய். இவர்களின் வாழ்வியலை அறிய வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்களும் வருவதுண்டு.

ஒலிப்பதிவுக் கருவியுடன் திண்ணையில் அமர்ந்து பாட்டி ஒருவரிடம் கதை கேட்கும் ஆய்வாளரை ஊரார் காண்கின்றனர். அவரை அங்கு அனுப்பிவைப்பதற்குப் பல்கலைக்கழக அலுவலகத்தில் நடந்த வேலையை யாரும் காண்பதில்லை.

முதல் வேலை அனுமதி பெறுவது. சுற்றுலாப் பயணியாக வந்திறங்கி ஆய்வைத் தொடங்கிவிட முடியாது. மலேசியாவில் ஆய்வு நடத்த விரும்பும் வெளிநாட்டினருக்கான விதிகளை 1999ஆம் ஆண்டின் பொதுச் சுற்றறிக்கை எண் 3 வகுத்தது. ஆய்வுத் திட்டம், கடப்பிதழின் நகல், பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவற்றோடு விண்ணப்பிக்க வேண்டும். உள்ளூர் உயர்கல்விக்கூடம் ஒன்றின் துணையும் தேவை. இவற்றைத் திரட்டவே மாதங்கள் ஓடிவிடும். ஆகவே, விமானச் சீட்டை முதலில் வாங்குவது அறிவுடைமையன்று.

தோட்டப்புறத்தில் ஆய்வு என்றால் இன்னொரு படியும் உண்டு. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்ட பின்னர் மலாக்காவில் தோட்டங்கள் பெருகின. அவை தனியார் நிலங்கள். அரசாங்கக் கடிதம் கையில் இருந்தாலும், தோட்ட நிர்வாகியின் இசைவையும் பெற்றே லயங்களுக்குச் செல்ல வேண்டும்.

பணக்கணக்கு வேறு வகைத் தலைவலி. பல்கலைக்கழக நிதிப் பிரிவு ஒவ்வொரு செலவுக்கும் ரசீது கேட்கும். தோட்டத்துத் தேநீர்க் கடையில் ரசீதுக்கு எங்கே போவது? தேதி, தொகை, காரணம் ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிடும் சீட்டை ஏற்றுக்கொள்ள அலுவலகம் முன்கூட்டியே இணங்கியிருந்தால் சிக்கல் இல்லை. ஆபத்து நேரத்துக்கும் ஏற்பாடு வேண்டும். மலாக்காவில் காலை ஒன்பது மணிக்கு ஆய்வாளர் விபத்தில் சிக்கினால், இலண்டனில் அப்போது நள்ளிரவு கடந்திருக்கும்; அலுவலகம் பூட்டிக் கிடக்கும். இரவிலும் யாராவது எடுக்கும் தொலைபேசி எண் ஒன்று அவரிடம் இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடக் கவனம் தேவைப்படுவது ஒப்புதல் படிவம். தம் குரல் எதற்குப் பயன்படும், யார் கேட்பார்கள், வேண்டாம் என்று மறுக்கலாமா என்பனவற்றைப் பேசுபவர் அறிந்திருக்க வேண்டும். தமிழ் வழியினர்தானே என்று எண்ணித் தமிழில் மட்டும் படிவத்தை அச்சிட்டு அனுப்பினால், கம்போங் செட்டியில் அது பயன்படாது. அங்கு மலாய் வேண்டும். தோட்டத்து முதியவருக்கோ தமிழ் வேண்டும். எழுத்தறியாதவராயின் படித்துக் காட்ட ஆளும் வேண்டும். புரியாத தாளில் வாங்கிய கையொப்பம் ஒப்புதல் ஆகாது. மொழிபெயர்ப்புக்கும் உதவியாளருக்கும் ஆகும் செலவை, திட்டம் தீட்டும்போதே அலுவலகம் ஒதுக்க வேண்டியுள்ளது.

ஆய்வு முடிந்ததும் அறிக்கையின் படிகள் மலேசிய அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்படும். கதை சொன்ன பாட்டிக்கு என்ன கிடைக்கும்? ஆய்வாளர் பட்டம் பெற்று வேறு வேலைக்குப் போயிருப்பார். பாட்டியின் முகவரி அலுவலகக் கோப்பில் இருந்து, அஞ்சல் செலவுக்கும் பணம் ஒதுக்கப்பட்டிருந்தால், அவருடைய குரல் பதிவின் ஒரு படி காஜா பெராங்கில் உள்ள அவர் வீட்டுக்கு வந்து சேரும்.