மலைமேல் ஒரு வீடு மிஞ்சுமா?

வேலூரிலிருந்து போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகும் பஸ், கண்ணமங்கலத்தைத் தாண்டிச் சந்தவாசலில் நிற்கும். மேற்கே நீலமாக நீண்டு கிடப்பதுதான் ஜவ்வாது மலை. இங்கே இறங்கும் வெளியூர்க்காரர்களில் பலர் படவேட்டு ரேணுகாம்பாளைத் தரிசிக்க வந்தவர்கள்.

படவேடு என்பது படைவீடு. சம்புவராயர்களின் தலைநகர். 14-ஆம் நூற்றாண்டில் விஜயநகர இளவரசன் குமார கம்பணன் படையெடுத்து வந்து வென்ற ஊர். அரசர்கள் வாழ்ந்த வீடு போய்விட்டது, கோயில்கள் நிற்கின்றன. சிதைந்து கிடந்த கோயில்கள் பலவற்றை நம் காலத்தில் அழகாகப் புதுப்பித்தும் விட்டார்கள். நல்ல காரியம். ஆனால் கோயிலுக்குக் கிடைத்த இந்த அதிர்ஷ்டம், மலைமேல் இருக்கும் குடியானவன் வீட்டுக்குக் கிடைக்குமா?

ஏழு பேரும் ஏழு நாய்களும்

போளூர் சென்று அத்திமூர் வழியாக மலை ஏறினால் ஜமுனாமரத்தூர். மலை முழுவதும் மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்கள். மலையாளி என்றதும் கேரளத்தை நினைத்துவிட வேண்டாம். இவர்கள் மலையை ஆள்பவர்கள், பேசுவது தமிழ்.

இவர்கள் இங்கே குடியேறியதற்கு ஒரு கதை உண்டு. தென்னிந்தியக் குலங்களைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட நூலிலும் அது இடம் பெற்றிருக்கிறது. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்து வேளாளரிடம் பெண் கேட்டார்களாம். கிடைத்தது ஏளனம். ஆத்திரம் கொண்ட வேடர்கள் ஏழு கன்னியரைத் தூக்கிச் சென்றுவிட்டார்கள். மீட்கக் கிளம்பினர் ஏழு வேளாளர். கூடவே ஏழு நாய்கள். "நாய்கள் மட்டும் திரும்பினால் நாங்கள் இறந்ததாக எண்ணிக் கருமாதி செய்துவிடுங்கள்" என்று மனைவியரிடம் சொல்லிப் போனார்கள்.

பாலாற்றில் வெள்ளம்! மனிதர்கள் தட்டுத் தடுமாறிக் கரை ஏறினார்கள். நாய்களோ பாதி ஆற்றில் திரும்பி வீட்டுக்கு ஓடிவிட்டன. வேடர்களைக் கொன்று ஊர் திரும்பிய வீரர்கள் கண்டது என்ன? தங்கள் கருமாதி முடிந்திருந்தது. மனைவியர் விதவைக் கோலத்தில் இருந்தார்கள். உயிரோடு இருந்தும் ஊருக்கு அவர்கள் செத்தவர்கள். பிறகு வேடர் குலப் பெண்களை மணந்து, ஜவ்வாது மலை ஏறி, காடு திருத்திப் பயிர் செய்தார்களாம். கதை நடந்தது சக வருஷம் 1055 என்று கணக்கும் சொல்கிறார்கள். சரித்திரம் இதை ஏற்குமோ என்னவோ, வீடு இழந்தவன் வீடு கட்டிய கதை இது.

அந்த வீடு எப்படி இருக்கும்? மூங்கில் தப்பைகளைப் பின்னிச் சுவர். அதன்மேல் மண் பூச்சு. மேலே புல் கூரை. தரைக்குச் சாணி மெழுக்கு. அடுப்புப் புகை கூரையில் ஏறிப் பூச்சி அரிக்காமல் காக்கும். இன்று அத்தகைய வீடுகள் அருகி வருகின்றன. கான்கிரீட் வீடுகள் எழும்பிவிட்டன. மழையில் ஒழுகாத கூரை வேண்டும் என்று நினைப்பவரை யார் குறை சொல்ல முடியும்? நகரத்து மனிதர் மாடியில் உட்கார்ந்துகொண்டு கூரை வீட்டின் அழகைப் புகழ்வது சுலபம்!

வேடிக்கை என்னவென்றால், இதே மலையில் "வாலியர் வீடுகள்" என்று சில இருக்கின்றன. பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடியவை. குள்ள மனிதர்கள் வாழ்ந்த இடம் என்பார்கள் மக்கள். ஆராய்ச்சியாளர்கள் சொல்வதோ வேறு: அவை பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. செத்தவன் வீடு நிற்கிறது. இருந்தவன் வீடு கரைகிறது.

பத்துப் பிள்ளைகள், ஒரே அறை

அமெரிக்காவில் 1862-ல் ஒரு சட்டம் வந்தது. ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் நிலம் சொந்தம். (அங்கே முன்பே வாழ்ந்த செவ்விந்தியரை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.) நெப்ராஸ்கா மாநிலத்தில் அதற்கென்று ஒரு நினைவுப் பூங்கா. அங்கே 1867-ல் கட்டிய மரக் குடிசை ஒன்றைக் காத்து வைத்திருக்கிறார்கள். 14 அடிக்கு 16 அடி. அதற்குள் கணவன், மனைவி, பத்துப் பிள்ளைகள்! கார் பிரயாணிகள் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

நம்மிடமும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில், செட்டிநாட்டு வீடு முதல் கேரளத்து வீடு வரை பல பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். தேக்குத் தூணைக் கழற்றி லாரியில் ஏற்றலாம். ஆனால் மண் சுவரை எப்படி ஏற்றுவது? புல் கூரையை மீண்டும் மீண்டும் மாற்ற வேண்டும். ஆக, மலை வீட்டைக் காக்க வேண்டுமானால் மலையிலேயே, அதைக் கட்டத் தெரிந்த கைகளைக் கொண்டு, அவர்களுக்குக் கூலியும் கொடுத்துத்தான் காக்க வேண்டும். கட்டத் தெரிந்தவர்களோ முதியவர்கள்.

ஜமுனாமரத்தூர் வருபவர்கள் பீமன் அருவியில் குளிக்கிறார்கள். தேனும் சாமை அரிசியும் வாங்குகிறார்கள். பொழுது சாய்வதற்குள் மலை இறங்கிவிடுகிறார்கள். பழைய வீடு ஒன்றைப் பார்க்கலாமா என்று கேட்பவர் அபூர்வம்.