தேரோடும் வீதியும் காரோடும் வீதியும்

தேரோட்டம் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். தேர் ஓடுகிற அன்று அந்த வீதி, நாம் தினம் காய்கறிப் பையோடு நடக்கிற வீதி அல்ல. குறுக்கே போகும் மின்கம்பிகளை அவிழ்த்துவிடுவார்கள். கடைக்காரர் பந்தலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். பள்ளங்களில் மண்ணைக் கொட்டி இடித்துச் சமன் செய்வார்கள். சாக்கடை மேல் போட்ட கல் தேர்க்காலைத் தாங்குமா என்று பெரியவர் ஒருவர் தட்டிப் பார்ப்பார். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தோடு சக்கரமாக நடந்து வருவார்கள்; வடம் பிடிக்கிறவர் ஆயிரம் பேர் இருந்தாலும் மூலை திரும்பும் இடத்தில் தேரை ஆள்வது அந்த நாலைந்து பேர்தான். எங்கள் மேல்சித்தாமூர் பார்சுவநாதர் கோயில் தேரானாலும் சரி, திருவாரூர் ஆழித்தேரானாலும் சரி, முறை ஒன்றுதான்.

நகரத் தெருவை அடைத்து நடத்தும் கார் பந்தயத்தைப் பற்றி எழுத வந்தவன் தேரை ஏன் இழுக்கிறான் என்று அன்பர்கள் நினைக்கலாம். 2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயம் நடந்ததிலிருந்து நம் சங்கக் கூட்டங்களில் இரண்டு கேள்விகள் மாறி மாறி வருகின்றன. பிள்ளைகள், "நம்ம பெங்களூர்ல எப்போ?" என்கிறார்கள். பெரியவர்கள், "பொது ரோட்டிலே பந்தயம் விட சட்டம் எப்படி இடம் கொடுக்கிறது?" என்கிறார்கள். ஜே.சி. ரோட்டில் நாற்பது வருஷமாகக் கார் உதிரிபாகம் விற்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததையும் படித்ததையும் இங்கே வைக்கிறேன். பந்தய வகைகளில் டூரிங் கார் பந்தயத்தை எடுத்துக்கொள்கிறேன். அதில் ஓடுகிற வண்டிதான் நம் வீட்டு வாசலில் நிற்கிற வண்டியைப் போலவே இருக்கிறது. மயக்கம் வருவதும் அங்கேதான்.

'டூரிங்' என்றால் பயணம். குடும்பத்தோடு ஊர் சுற்ற உதவும், கூரையும் கதவும் உள்ள காரே டூரிங் கார். ஃபார்முலா-1 வண்டி பந்தயத்துக்கென்றே பிறந்தது. அதைக் கடையில் வாங்க முடியாது. டூரிங் காரோ தொழிற்சாலையிலிருந்து விற்பனைக்கு வரும் வண்டியின் உடம்பிலிருந்து செய்யப்படுகிறது. 2015-இல் தொடங்கிய டி.சி.ஆர். என்னும் விதிமுறை இன்று பல நாடுகளில் வழங்குகிறது. அதன்படி நான்கு அல்லது ஐந்து கதவுள்ள, முன்சக்கரம் இழுக்கும் வண்டியாக இருக்க வேண்டும்; எஞ்சின் 2 லிட்டருக்குள், டர்போ வைத்தது; சக்தி ஏறக்குறைய 350 குதிரை. ஹோண்டா சிவிக், ஹூண்டாய் எலான்ட்ரா என்று நம் தெருவில் பார்த்த பெயர்களே அங்கும் ஓடுகின்றன. ஒரு வேடிக்கை: இந்தப் பந்தயங்கள் பலவற்றில் ஜெயித்த காருக்கு அடுத்த தடவை கூடுதல் எடை ஏற்றிவிடுவார்கள். லாபம் பார்த்தவனுக்கு வரி போடுவது போலத்தான். அதனாலேயே கார்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு, கதவோடு கதவு மோதிக்கொண்டு ஓடுகின்றன. பார்ப்பவர்களுக்கு அதுதான் விருந்து.

ஆனால் உள்ளே எட்டிப் பார்த்தால் அது வேறு பிறவி. பின் சீட், தரைவிரிப்பு, ஏ.சி., கதவுப் பலகை எல்லாம் கழற்றி எறியப்பட்டிருக்கும். கூரைக்கு அடியில் எஃகுக் குழாய்களை வெல்டிங் செய்து கூண்டு கட்டியிருப்பார்கள். கார் நாலு குட்டிக்கரணம் போட்டாலும் ஓட்டுபவர் தலைமேல் கூரை நசுங்காமல் காப்பது அதுதான். ஆறு முனைப் பட்டை, தீயணைப்புக் குழாய், வெளியிலிருந்தே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், மோதினாலும் எளிதில் கிழியாத எரிபொருள் பை, தீப்பிடிக்காத உடுப்பு. கடையில் நான் பார்க்கிற ஒரு வித்தியாசம் உண்டு. காரை 'ரேஸ் கார்' ஆக்க வேண்டும் என்று வரும் காலேஜ் பையன் முதலில் கேட்பது சத்தம் போடும் சைலன்சர். உண்மையான பந்தய மெக்கானிக் முதலில் கேட்பது பிரேக் பேட். அடுத்தது பிரேக் ஆயில், அது எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று.

இந்த விளையாட்டு நமக்குப் புதிதல்ல. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் ஏற்பட்டது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. அதில் பல பத்தாண்டுகள் பந்தயம் நடந்தது. ஹெரால்டு, ஃபியட், அம்பாசடர் என்று அன்றைய குடும்ப வண்டிகளே அங்கு பறந்தன. நம் எலகங்கா விமானத்தளத்திலும் ஒரு காலத்தில் பந்தயம் நடந்ததுண்டு. 1980-களில் பெங்களூரில் சிபானி நிறுவனம் 'டால்ஃபின்' என்ற சின்னக் காரைச் செய்தது. ஃபைபர் கண்ணாடி உடம்பு, 848 சி.சி. அலுமினிய எஞ்சின். குடும்பஸ்தர்கள் அதை அவ்வளவாக வாங்கவில்லை. எடை குறைவாக இருந்ததால் பந்தயக்காரர்கள் கொத்திக்கொண்டு போனார்கள். வியாபாரத்தில் தோற்று மைதானத்தில் ஜெயித்த சரக்கு அது! பிறகு 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தளமும், 2003-இல் கோவையில் கரிவரதன் நினைவாகக் காரி மோட்டார் ஸ்பீட்வேயும் வந்தன. டூரிங் கார் பந்தயங்கள் இங்கே வளர்ந்தது இந்த நிரந்தரத் தளங்களில்தான், தெருவில் அல்ல.

தெருவில் டூரிங் கார் ஓடுவதைப் பார்க்க வேண்டுமானால் மக்காவுக்குப் போக வேண்டும். சீனக் கடலோரத்தில் போர்த்துக்கீசியர் ஆண்ட ஊர் அது. 1954 முதல் அங்கே பந்தயம் நடக்கிறது; டூரிங் கார்களுக்கான கியா பந்தயம் 1972-இல் தொடங்கியது. சுற்று 6.12 கிலோமீட்டர். கடற்கரை ஓரம் நேரான சாலையில் பாய்ந்து வருகிற வண்டி, திடீரென்று குன்றின் மேல் வீட்டுச் சுவர்களுக்கு நடுவே சந்துக்குள் நுழைகிறது. ஓரிடத்தில் அகலம் ஏழு மீட்டர்தான். நிரந்தரத் தளத்தில் தவறினால் மணல் திட்டு தாங்கும். இங்கே தவறினால் சுவர். 2012-இல் அதே மக்காவில் டூரிங் கார் ஓட்டிய ஹாங்காங் வீரர் ஒருவர் தகுதிச் சுற்றிலேயே உயிர் விட்டார். கூண்டு, பட்டை எல்லாம் இருந்துமா என்று கேட்டால், ஆமாம், இருந்துமே.

ஆஸ்திரேலியாவில் பாதர்ஸ்ட் என்ற ஊரில் 6.2 கிலோமீட்டர் மலைச்சாலை ஒன்று இருக்கிறது. வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் அது பொதுச் சாலை. யாரும் போகலாம், ஆனால் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போனால் அபராதம். சாலை ஓரத்தில் வீடும் தோட்டமும் உண்டு. பந்தய நாளில் அதே சாலையில் டூரிங் கார்கள் ஆயிரம் கிலோமீட்டர் ஓடுகின்றன. ஜெர்மனியில் நூரம்பர்க் நகரத்து நோரிஸ்ரிங் இன்னொன்று, சுற்று 2.3 கிலோமீட்டர்தான். 'ஜெர்மன் டூரிங் கார்' என்று பெயரிலேயே வைத்திருக்கும் டி.டி.எம். பந்தயத்துக்காக நம் பெங்களூர்ப் பிள்ளை அர்ஜுன் மைனி 2021-இல் அங்கே ஓட்டினார். (அந்த ஆண்டு முதல் அதில் ஓடுவது ஜி.டி.-3 வகைக் கார்கள். பெயர் மட்டும் பழையது.)

தெருவைப் பந்தயச் சுற்றாக மாற்றுவது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் வேகத்தடைகளைப் பெயர்த்து, தாரைப் புதிதாகப் போடுவார்கள். அடுத்து சாக்கடை மூடிகள். வேகமாகப் போகும் பந்தயக் காருக்கு அடியில் காற்றழுத்தம் குறைந்து, இரும்பு மூடியையே உறிஞ்சி மேலே தூக்கிவிடும். 2023 நவம்பரில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் தெருவில் ஃபார்முலா-1 பயிற்சி தொடங்கிய சில நிமிடங்களிலேயே, தண்ணீர்க் குழாய் மூடி ஒன்று பெயர்ந்து ஃபெராரி காரின் அடிப்பாகத்தைப் பிளந்துவிட்டது. கோடிக்கணக்கில் செலவழித்த ஊரிலேயே இந்தக் கதி என்றால், மழைக்காலத்துப் பெங்களூரை நான் சொல்லவே வேண்டாம். அதனால் மூடிகளை வெல்டிங் வைத்தோ பூட்டியோ அடைக்கிறார்கள். பிறகு சுற்று முழுக்க இருபுறமும் கான்கிரீட் தடுப்பு, அதன் மேல் உடைந்த துண்டு பறந்து ஜனங்கள்மேல் விழாதபடி கம்பிவலை, வளைவுகளில் டயர் அடுக்கு. ஒவ்வொரு வளைவிலும் கொடி பிடித்த மார்ஷல்கள். பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். நம் முட்டுக்கட்டைக்காரர்களின் ஒன்றுவிட்ட தம்பிமார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் கொடி காட்டினால் முந்தக் கூடாது. சிவப்பென்றால் பந்தயமே நின்றது. எவ்வளவு பெரிய வீரனும் கட்டுப்பட்டாக வேண்டும்.

சென்னையில் தீவுத்திடல், அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று 3.5 கிலோமீட்டர் சுற்றில் 19 வளைவுகள் அமைத்தார்கள். 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் தள்ளிப்போய், 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் நடந்தது. ஓடியவை டூரிங் கார்கள் அல்ல. ஃபார்முலா-4 வண்டிகளும் இந்தியன் ரேசிங் லீக்கின் பந்தயக் கார்களும். பக்கத்திலேயே அரசு பொது மருத்துவமனையும் ஓமந்தூரார் மருத்துவமனையும் இருக்க, நோயாளிகள் கதி என்ன என்ற கேள்வியோடு உயர்நீதிமன்றத்தில் வழக்குகள் வந்தன. நியாயமான கேள்வி. எஃப்.ஐ.ஏ. என்னும் பன்னாட்டு அமைப்பின் சான்று கைக்கு வந்த பிறகே ஓட்ட வேண்டும் என்ற நிபந்தனையால் முதல் நாள் நிகழ்ச்சி இரவு வரை தாமதமானது. தாமதமானதே நல்லது என்பேன். சான்று காட்டாமல் ஓடியிருந்தால்தான் கவலை.

ஹைதராபாத்தில் 2023 பிப்ரவரி 11 அன்று உசேன்சாகர் ஏரிக்கரையில் மின்சாரக் கார்களின் ஃபார்முலா-இ பந்தயம் 2.83 கிலோமீட்டர் சுற்றில் நடந்தது. அதற்கு முந்தின நாள் பயிற்சியின் போது, ஊர் வண்டிகள் வழக்கம்போல் பந்தயப் பாதைக்குள் நுழைந்துவிட்டன. அவர்கள் தினம் போகிற ரோடுதானே! வண்டிகளை வெளியேற்றிய பிறகே பயிற்சி தொடங்கிற்று. தெருவைப் பந்தயப் பாதை ஆக்குவது சுவர் அல்ல, வெளியேற்றுவதுதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். மனிதர், மாடு, நாய், எதிரே வரும் ஆட்டோ என்று தெருவில் உயிருள்ளது எதுவும் மிச்சமில்லாமல் போன பிறகே அங்கே பந்தயம்.

இந்தக் கட்டுப்பாடெல்லாம் சும்மா வந்ததில்லை. இத்தாலியில் 'மில்லே மில்லியா' என்ற ஆயிரம் மைல் பந்தயம் தடுப்பு ஏதுமில்லாமல் ஊர்ச் சாலைகளிலேயே நடந்துகொண்டிருந்தது. 1957 மே 12 அன்று ஒரு ஃபெராரியின் டயர் வெடித்து, வண்டி சாலை ஓரக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஓட்டியவர், உடனிருந்தவர், வேடிக்கை பார்த்த ஒன்பது பேர், அதில் ஐந்து குழந்தைகள். வேகப் பந்தயமாக அது நடந்தது அன்றோடு சரி.

சமணத் துறவியருக்கு 'இரியா சமிதி' என்று ஒரு விதி உண்டு. நடக்கும்போது நுகத்தடி அளவு, ஏறக்குறைய நான்கு முழம், முன்னே தரையைப் பார்த்து, எறும்பும் மிதிபடாமல் அடி வைக்க வேண்டும். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் மதுரைக்குப் புறப்படும்போது வயல்வழியில் நண்டும் நத்தையும் காலில் மிதிபடுமே என்று வருந்துகிறாரே, அது இந்த நோன்புதான். கணக்கைப் பாருங்க: நடக்கிறவர் வேகத்துக்கு நான்கு முழம் போதும். 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு வினாடியில் சுமார் 28 மீட்டர் போகிறது. கண் பார்த்து, கால் பிரேக்கை மிதிக்கவே ஏறக்குறைய ஒரு வினாடி ஆகும். வெளிவட்டச் சாலையில் இரவு பதினொரு மணிக்கு முன்விளக்கு வெளிச்சத்தில் எத்தனை மீட்டர் தெளிவாகத் தெரியும்? பந்தய வீரனுக்கு வளைவுக்கு அப்பால் இருப்பதைக் கொடியால் சொல்ல ஒருவர் நிற்கிறார். நம்ம பையனுக்கு யார் நிற்கிறார்?

பெரியவர்கள் கேட்ட சட்டத்துக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவு, மாநில அரசின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் பொது இடத்தில் வேகப்பந்தயம் விடுவதையும் அதில் கலந்துகொள்வதையும் குற்றம் என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் முதல் தடவைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அல்லது இரண்டும். சென்னைப் பந்தயம் நடந்தது அந்த 'எழுத்துமூல அனுமதி' என்ற வாசலில்தான். அதே திருத்தத்தில் 199-ஏ என்று ஒரு பிரிவு வந்திருக்கிறது, பெற்றோர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டி எடுத்துக்கொண்டு போய்க் குற்றம் செய்தால், பெற்றோர் அல்லது வண்டியின் சொந்தக்காரருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்து. பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை லைசன்ஸ் கிடையாது. எனக்குத் தெரியாமல் சாவியை எடுத்துவிட்டான் என்பதைப் பெற்றவரேதான் நிரூபிக்க வேண்டும்.

ஆசை உள்ள பிள்ளையை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: நம் ஊரிலேயே மெகோ கார்ட்டோப்பியா என்ற கார்ட் தளம் இருக்கிறது. சின்ன வண்டி, தரையோடு ஒட்டி ஓடும், தலைக்கவசம் கட்டாயம். நரேன் கார்த்திகேயன் வந்த கோவையில் காரி தளம். முறைப்படி போட்டியில் இறங்க எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்னும் தேசியக் கூட்டமைப்பின் உரிமம் வேண்டும். செலவு பிடிக்கும் விளையாட்டு, மறைக்கவில்லை. டயர் விலையை நான் சொன்னால் சில தகப்பனார்கள் அடுத்த வாக்கியத்தைப் படிக்க மாட்டார்கள். ஓட்டாமல் பார்க்க மட்டும் போதுமென்றால், இருங்காட்டுக்கோட்டைத் தளம் நாம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பஸ்ஸில் போகிற சென்னை நெடுஞ்சாலையிலேயே, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி இருக்கிறது. பந்தயம் உள்ள வார இறுதியாக விசாரித்துக்கொண்டு இறங்குங்கள். பையன்களைக் கூட்டிக்கொண்டு போனால், ஜெயித்தவனை மட்டும் பார்க்காமல், வெயிலில் நாள் முழுக்கக் கொடியோடு நிற்கிற அந்த மார்ஷலையும் காட்டுங்கள்.