கேர்ள்ஸ் ஸ்கூல் இருக்கட்டும், பாய்ஸ் ஸ்கூல் எதற்கு?

பங்குனி ஆயில்யத்தன்று நம்பெருமாள் ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரியைக் கடந்து உறையூர் வந்து, கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தியில் எழுந்தருள்கிறார். அன்று நாச்சியார் கோவில் பக்கம் ஆண், பெண், சிறுவர், சிறுமியர் எல்லோரும் ஒரே நெரிசலில்தான் நிற்பார்கள். நத்தர்வலி தர்கா கந்தூரியிலும் மாதா கோவில் தேர்பவனியிலும் அதே கதைதான். ஆனால் அதே பக்தியுள்ள வீடுகள், மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போது முதலில் கேட்பது, “கேர்ள்ஸ் ஸ்கூல்தானே?” என்பதுதான். சாமி சன்னிதியில் தவறாகத் தெரியாத கலப்பு, வகுப்பறையில் மட்டும் ஏன் அச்சமூட்டுகிறது? நாளைக்கு ஊர் என்ன பேசும், பெண்ணின் கல்யாணம் என்னவாகும் என்ற கவலைதான் இங்கே மதத்தின் பெயரில் பேசுகிறது என்று எனக்குப் படுகிறது.

அந்தக் கவலையை ஏளனம் செய்வதற்கில்லை. புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, வயதுக்கு வந்தபின் வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். மேலே படிக்க ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரிக்குத்தான் போக வேண்டியிருந்தது. ஊரில் எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் தலையிட்டதால்தான் இடம் கிடைத்தது. தலையிட ஒரு ராஜா எல்லாப் பெண்களுக்கும் வாய்க்க மாட்டாரே! திருச்சியில் 1923-ல் ஹோலி கிராஸ் கல்லூரியும் 1951-ல் சீதாலட்சுமி ராமசாமி கல்லூரியும் பெண்களுக்கென்றே எழுந்தன. ஆசாரமான வீடுகள் மகளைத் தெருத் தாண்ட விட்டதற்கு, அந்த வாசலுக்குள் ஆண்பிள்ளைகள் இல்லை என்ற நிம்மதியும் ஒரு காரணம். அதனால், 2023-24 முதல் எல்லாப் பள்ளிகளையும் இருபாலர் பள்ளியாக்க வேண்டும் என்று 2022 ஜூலையில் கேரளக் குழந்தை உரிமை ஆணையம் இட்ட உத்தரவை அப்படியே இங்கே கொண்டுவருவதை நான் ஏற்க மாட்டேன். கேர்ள்ஸ் ஸ்கூலை மூடினால், சில வீடுகளில் பெண்ணின் படிப்பே நின்றுபோகும்.

மதிப்பெண்ணுக்காகத்தான் தனிப்பள்ளி என்று சொல்வோருக்கு ஆதாரம் அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. தென்கொரியாவின் சியோலில் மாணவர்களுக்குப் பள்ளியைக் குலுக்கலில்தான் ஒதுக்கினார்கள். அங்கே ஒருபால் பள்ளிப் பிள்ளைகள் முந்தியது உண்மை. ஆனால் 21 நாடுகளில் 16 லட்சம் மாணவர்களைப் பற்றிய 184 ஆய்வுகளை ஒன்றாக வைத்து 2014-ல் அலசியபோது, குடும்ப வசதி போன்றவற்றைக் கழித்துப் பார்த்தால் பெரிய அனுகூலம் எதுவும் மிஞ்சவில்லை.

ஆகவே கேர்ள்ஸ் ஸ்கூலுக்கு இருக்கும் நல்ல காரணம், அது பெண்ணை வீட்டிலிருந்து வெளியே கொண்டுவருகிறது என்பதே. பாய்ஸ் ஸ்கூலுக்கு அந்தக் காரணமும் கிடையாது. பக்கத்தில் பெண்பிள்ளைகள் படித்தால் மகனை அனுப்ப மாட்டேன் என்று படிப்பை நிறுத்தும் வீடு எங்கே இருக்கிறது? அக்கா, அம்மா தவிர வேறு பெண்ணிடம் பேசிப் பழகாத பையன் அவளைப் பற்றித் தெரிந்துகொள்வது சினிமாவிலிருந்தும் செல்போனிலிருந்தும்தான். “சேர்ந்து படித்தால் காதல் வந்துவிடும்” என்பார்கள். பள்ளியைப் பிரித்தாலும் பஸ் ஸ்டாண்டும் டியூஷனும் இருக்கின்றன. அங்கே பார்த்துக்கொள்ள ஆசிரியர் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

கோ-எட் என்று பலகை மாட்டினால் மட்டும் போதாது. நடுவில் வழிவிட்டு இந்தப் பக்கம் பையன்கள், அந்தப் பக்கம் பெண்கள் என்று பெஞ்சைப் பிரித்துவிட்டு, வகுப்பில் பேசிய பையனைப் பெண்கள் வரிசையில் உட்கார வைப்பதையே தண்டனையாக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. பெண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதே அவமானம் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிடக் கச்சிதமான பாடம் வேண்டாம். பர்மிங்காமில் ஒரே பள்ளிக்குள் மாணவ மாணவியரைப் பாடம், இடைவேளை, சுற்றுலா எல்லாவற்றிலும் பிரித்துவைத்த அல்-ஹிஜ்ரா பள்ளியின் நடைமுறை பாரபட்சம் என்று இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்தது. ஹரியானாவில் 314 அரசுப் பள்ளிகளை வைத்து நடந்த ஆய்வில், ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஆண்-பெண் சமத்துவம் பற்றி வகுப்பிலேயே பேசவைத்தார்கள். கருத்து மாறியது, பையன்கள் வீட்டு வேலைக்கும் கை கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்த மாதிரிப் பேச்சை உறையூரின் எந்தப் பள்ளியிலும், ஒருபால் பள்ளியானாலும், நாளைக்கே தொடங்கலாம். பாய்ஸ் ஸ்கூல்கள் அதோடு பிளஸ் ஒன் சேர்க்கையைப் பெண்களுக்கும் திறந்துவிடலாம்.