விக்கிப் பக்கத்தில் டிக்கெட் பட்டியல்

கன்ஃப்ளுயன்ஸ் விக்கிப் பக்கத்தில் ஜிராவின் டிக்கெட்டுகளை, அதாவது அதில் பதிவான பிழைகளையும் வேலைகளையும், கொண்டுவந்து காட்டுவது பக்கத்தில் செருகப்படும் ஒரு மேக்ரோ. இரண்டு மென்பொருள்களும் 2002இல் சிட்னியில் தொடங்கிய அட்லாசியன் நிறுவனத்துடையவை. எந்தப் பிழை யார் கையில் இருக்கிறது, முடிந்ததா இல்லையா என்ற கணக்கு ஜிராவில் இருக்கும். திட்டமும் கூட்டக் குறிப்பும் விக்கியில் இருக்கும். டிக்கெட் விவரங்களைக் கையால் நகலெடுத்து விக்கியில் ஒட்டினால் மறுநாளே அவை பழையவையாகிவிடும்.

மேக்ரோ பக்கத்தில் சேமித்து வைப்பது பட்டியலை அல்ல, ஒரு கேள்வியை. ஜேக்யூஎல் என்ற வினவல் மொழியில் அது எழுதப்படுகிறது: இன்ன பிராஜெக்ட், அடுத்த வெளியீட்டுக்கு உரியவை, இன்னும் மூடப்படாதவை, முன்னுரிமை வரிசையில். பக்கத்தைத் திறக்கும்போது கன்ஃப்ளுயன்ஸ் அதை ஜிராவிடம் கேட்டு, வரும் விடையை அட்டவணையாகக் காட்டுகிறது. டிக்கெட் எண், சுருக்கம், பொறுப்பாளர், நிலை என எந்தெந்த நெடுவரிசைகள் வேண்டும் என்பதைப் பக்கத்தை எழுதுபவர் தேர்ந்தெடுக்கலாம். மொத்த எண்ணிக்கையை மட்டும் காட்டவும் வழி உண்டு. ஒரே ஒரு டிக்கெட் என்றால் அதன் முகவரியை ஒட்டினாலே போதும்.

பார்ப்பவர் யார் என்பதைப் பொறுத்தும் விடை மாறும். ஜிராவில் ஒருவருக்கு அனுமதியில்லாத டிக்கெட், விக்கி வழியாகவும் அவர் கண்ணில் படாது. ‘எனக்கு ஒதுக்கப்பட்டவை’ என்று கேள்வி எழுதினால், ஒரே பக்கம் ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலையைக் காட்டும்.

இதற்கு மாறாக, ட்ராக் என்ற திறமூல மென்பொருளில் விக்கியும் டிக்கெட்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அங்கே ஹேஷ் குறியுடன் எண்ணை எழுதினாலே இணைப்பு உருவாகிவிடும். மூடப்பட்ட டிக்கெட்டின் எண் குறுக்கே கோடிட்டுத் தெரியும். பத்தியைப் படித்துக்கொண்டே எது முடிந்தது என்று அறிய இதைவிட எளிய வழி அரிது.

கன்ஃப்ளுயன்ஸ் மேக்ரோவைக் கூட்டக் குறிப்பில் வைக்கும்போதுதான் கவனம் மிகவும் தேவை. வெளியீட்டைத் தள்ளிப்போடலாம் என்று ஒரு குழு முடிவெடுக்கிறது. அதற்குக் காரணம், அன்று திறந்திருந்த பிழைகள். சில மாதம் கழித்து அந்தக் குறிப்பைத் திறந்தால் பட்டியல் வெறுமையாக இருக்கும், ஏனென்றால் பிழைகள் எல்லாம் அதற்குள் மூடப்பட்டிருக்கும். பக்கத்தின் பழைய பதிப்பைத் தேடி எடுத்தாலும் பயனில்லை. வரலாற்றில் பதிவாகியிருப்பதும் கேள்விதான், அன்றைய விடை அல்ல. அதனால் அன்றாட நிலவரம் காட்டும் பக்கத்துக்கு மேக்ரோ பொருந்தும். முடிவைப் பதிவு செய்யும் பக்கத்தில், அன்றைய அட்டவணையைத் தேதியிட்டுச் சாதாரண எழுத்தாகவே ஒட்டிவைக்க வேண்டும்.